தண்ணீர் பீய்ச்சுது, ஆனாலும் சுடுது

முதலில் வந்தது பெயின்ட் வாசனைதான். புது இஸ்திரிப் பெட்டியை முதல் தடவை போடும்போது ஒரு வாடை வருமே, அதேதான். திரும்பிப் பார்த்தால் எஞ்சின் மூடியின் இடுக்கிலிருந்து லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. சத்தமும் மாறியிருந்தது. அதுவரை உறுமிக்கொண்டு வந்த எஞ்சின் இப்போது மூச்சு வாங்கியது. நான் த்ராட்டிலில் கை வைக்கவே இல்லை, படகு தானாக வேகம் குறைந்தது.

"அத்தான், எஞ்சின் வேகுது" என்றான் மைத்துனன்.

பிப்ரவரி மாதம். வாடைக்காற்று ஓய்ந்து கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடந்தது. கரையில் மனோரா கோபுரம் விரல் நகம் அளவுக்குத் தெரிந்தது. நண்டு வலை எடுக்கப் போய்க்கொண்டிருந்தோம். படகு என் கைக்கு வந்து அன்றைக்குப் பதினோராவது நாள்.

எஞ்சினை அணைத்தேன். மூடியைத் தூக்கியதும் மைத்துனன் வாளியில் கடல் தண்ணீரை மொண்டுகொண்டு வந்துவிட்டான், மேலே ஊற்ற. கையைப் பிடித்துத் தடுத்தேன். வெந்து கிடக்கிற அலுமினியத்தில் தண்ணீரை ஊற்றினால் சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். இந்த விவகாரத்தில் அடுத்த இரண்டரை மாதத்துக்கு நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று பிறகு தெரிந்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் பதினான்கு வருடம் ஏசி டெக்னீஷியனாக இருந்தேன். சூடு எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. ஊர் மல்லிப்பட்டினம் பக்கம். அப்பா பாய்மர வள்ளத்தில் போனவர். பிள்ளை கடலுக்குப் போகக் கூடாது என்றுதான் என்னை ஐடிஐ படிக்க வைத்தார். நான் திரும்பி வந்து கையிலிருந்த காசில் இருபது அடி ஃபைபர் படகு வாங்கினேன். பின்னால் 25 குதிரை சக்தி ஜப்பான் எஞ்சின், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். எல்லாம் செகண்ட் ஹேண்ட். விற்றவர் எஞ்சினைத் தட்டிக் காட்டி, "இது கடலையே சரியாப் பார்த்ததில்ல தம்பி, அவ்வளவு கம்மியா ஓடியிருக்கு" என்றார். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு எஞ்சினைச் சாய்த்துப் பார்த்ததும் காரணம் கையிலேயே கிடைத்த மாதிரி இருந்தது. தண்ணீர் உறிஞ்சுகிற சல்லடை வாயில் கடல்தாழை கத்தையாகச் சுற்றியிருந்தது. பாக் விரிகுடாவில் எங்கள் பக்கம் ஆழம் குறைவு, அடியில் கடல்புல் வயல் மாதிரி விரிந்து கிடக்கும். கடல்பசுவுக்கு, அதாவது எங்கள் ஊர் வழக்கில் ஆவுளியாவுக்கு, அதுதான் சாப்பாடு. அதைக் காப்பாற்றத்தான் 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகம் என்று அறிவித்தார்கள். ஆவுளியாவுக்கு நல்லது. அறுந்து மிதக்கிற புல் மட்டும் என் எஞ்சினின் தொண்டைக்குள் போகிறது. பிடுங்கிப் போட்டேன். அரை மணி நேரம் ஆற விட்டு, மெதுவாக ஓட்டிக் கரை வந்தோம். வழியெல்லாம் எஞ்சினின் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து தண்ணீர் நன்றாகப் பீய்ச்சிக்கொண்டே வந்தது.

அவுட்போர்டு எஞ்சின் பார்க்காதவர்களுக்கு: இதற்குக் கார் மாதிரி ரேடியேட்டர் கிடையாது. அடியில் ஒரு சின்ன ரப்பர் பம்ப் கடல் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பும். அது எஞ்சினைச் சுற்றி ஓடி, புகையோடு கலந்து மறுபடி கடலுக்கே போய்விடும். அதில் ஒரு சிறு பங்கு மட்டும் நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பக்கத்தில் ஓர் ஓட்டை வழியாகப் பீய்ச்சும். சின்னப் பையன் ஒன்றுக்குப் போகிற மாதிரிதான் இருக்கும். அது வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எவனும் கியர் போடுவான்.

புல்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். நான்கு நாள் கழித்து, புல்லே இல்லாத இடத்தில், முழு வேகத்தில் இருபது நிமிடம் ஓடியதும் அதே இஸ்திரிப் பெட்டி வாடை. சல்லடை சுத்தமாக இருந்தது. பீய்ச்சுகிற தண்ணீரில் கை வைத்துப் பார்த்தேன், குளிக்கிற வெந்நீர் பதத்தில் இருந்தது. விசை குறைவாக வருகிற மாதிரியும் பட்டது.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாய்க்கு எந்தக் காலத்துலடா சூடு ஏறிச்சு?" என்றார். அவர் சொன்ன பாய் வேறு. நான் தேடிப் போனது மெக்கானிக் பாயை.

பாய் எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் கேள்விகளை ஆரம்பித்தார். பெட்ரோல்ல ஆயில் எவ்வளவு கலக்குறீங்க? ஒரு லிட்டருக்கு 20 மில்லி. சூடாகிறது நின்னுக்கிட்டு இருக்கும்போதா, ஓடும்போதா? ஓடும்போதுதான். உடனேவா, கொஞ்ச நேரம் கழிச்சா? இருபது நிமிஷம் கழிச்சு. பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளையில் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு என்னைக் கயிற்றை இழுக்கச் சொன்னார். இரண்டு சிலிண்டரும் விரலைத் தள்ளிவிட்டன. "உசுரு இருக்கு. மொதல்ல பம்பைத் திறங்க. ரெண்டு தடவை வெந்திருக்கு, ரப்பர் என்ன கதின்னு பாருங்க."

நானே திறக்கிறேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு.

எஞ்சினின் காலை, அதாவது தண்ணீருக்குள் நிற்கிற அடிப்பாகத்தை, இறக்க வேண்டும். சுற்றிலும் போல்ட், அதோடு கியர் கம்பியின் இணைப்பு. நான்கு போல்ட் சமர்த்தாக வந்தன. ஐந்தாவது அசையவே இல்லை. ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினிய உடம்பும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து இருந்தால் நடுவில் வெள்ளையாகப் பூத்து, இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். துரு நீக்கி எண்ணெயை அடித்து, ராத்திரி முழுக்க ஊற விட்டு, காலையில் ஹீட் கன்னால் சுற்றிலும் சூடு காட்டி, தலையில் சுத்தியலால் இருபது தட்டு தட்டி, பிறகு ஸ்பேனர் போட்டதும் "கிரீச்" என்று ஒரு சத்தத்தோடு வந்தது. அந்தச் சத்தத்தில் போல்ட் உடைந்ததா, கழன்றதா என்று தெரியாத அரை நொடி இருக்கிறதே, அதற்கு ஈடாக எந்த பூஜை அறையிலும் நான் சாமி கும்பிட்டதில்லை.

பம்ப் மூடியைத் தூக்கினேன். உள்ளே உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்பு ரப்பர் சக்கரம், இம்பெல்லர் என்பார்கள். ஆறு இறக்கைகள் இருக்க வேண்டும். நான்குதான் இருந்தன. ஐந்தாவதும் ஆறாவதும் அடியோடு பிய்ந்து போயிருந்தன. மிச்சமிருந்த நாலும் ஒரு பக்கமாக வளைந்து அப்படியே விறைத்துக் கிடந்தன. நகத்தால் அழுத்தினால் வெடிப்பு தெரிந்தது. சுற்றியிருந்த ஸ்டீல் கிண்ணத்தில் வட்ட வட்டமாகக் கீறல்கள். ஆழமில்லாத இடத்தில் சேற்றைக் கிளறிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள், மணல் உள்ளே போய் அரைத்திருக்கிறது. விற்றவர் ஓட்டினாரோ, அதற்கு முன்னால் இருந்தவரோ.

புது இம்பெல்லர், கிண்ணம், அடித்தகடு, கேஸ்கெட் எல்லாம் சேர்ந்த செட் வாங்கி வந்து மாட்டினேன். இறக்கைகளைக் கிண்ணத்துக்குள் மடித்துத் திணிப்பது லேசில் ஆகாது. விம் தண்ணீர் தடவி, தண்டைக் கடிகாரச் சுற்றாகத் திருப்பிக்கொண்டே மூடியை அழுத்தினால், ஆறும் ஒரே பக்கம் படிந்து உள்ளே போய்விடும். எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. காலை மேலே ஏற்றி, போல்ட் எல்லாம் முடுக்கி, டிரம் தண்ணீரில் நிறுத்திக் கயிற்றை இழுத்தேன். எஞ்சின் ஓடியது. ஓட்டையிலிருந்து ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

பத்து நொடிக்குள் அணைத்துவிட்டேன். தண்ணீரை மேலே கொண்டுபோகிற குழாய் அதன் ரப்பர் வளையத்துக்குள் உட்காராமல் பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. மறுபடி இறக்கி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, குழாயின் நுனியைப் பார்த்தபடியே ஏற்றினேன். இந்தத் தடவை தண்ணீர் டிரம்மைத் தாண்டிப் பக்கத்து வீட்டு வேலியில் போய் அடித்தது. வேலைக்காரன்டா என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன். பாய் வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "பிஞ்ச ரெண்டு இறக்கை எங்க தம்பி?"

"கடல்ல போயிருக்கும் பாய்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் ஏன் கேட்டார் என்று அடுத்த வாரம் தெரிந்தது. முழு வேகத்தில் இருபத்தைந்து நிமிடம், அதே வாடை. முன்னைவிட ஐந்து நிமிடம் தாமதம், அவ்வளவுதான் முன்னேற்றம். பக்கவாட்டில் தண்ணீர் தாராளமாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கி ஹெட்டில் எச்சில் தொட்டு வைத்தேன், தோசைக்கல் மாதிரி "சுர்"ரென்றது.

தண்ணீரும் வருகிறது, சூடும் ஆகிறது. இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்? ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான், நான் பார்ப்பது தவறான குழாய் என்று உறைத்தது. பீய்ச்சுகிற தண்ணீர் கிளைக்குழாயில் வருவது. பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. ஹெட்டைச் சுற்றி ஓடுகிற பெரிய வழி அடைத்திருந்தாலும் கிளை பீய்ச்சிக்கொண்டே இருக்கும், இன்னும் ஜோராகக்கூட. தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது என்பதால் மாடி டேங்க் நிரம்பும் என்று நினைத்த கதை. ஏசி வேலையில் இதே தப்பைப் புதுப் பையன்கள் செய்தால் நான் திட்டுவேன்.

டிரம்மில் ஏன் தெரியவில்லை என்பதற்கும் அப்போதுதான் கணக்குப் போட்டேன். 25 குதிரை என்றால் பதினெட்டு கிலோவாட்டுக்கு மேல். முழு வேகத்தில் எஞ்சின் படகைத் தள்ளச் செலவழிக்கிற சக்திக்குக் கிட்டத்தட்டச் சமமான சூட்டைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் பாஷையில் ஐந்து டன் ஏசி. டிரம்மில் சும்மா நின்று ஓடும்போது அதில் சொற்பம்தான் வரும், பாதி அடைத்த வழியே அதற்குப் போதும். டிரம்மில் முழு வேகம் கொடுக்கவும் முடியாது, ப்ரொப்பெல்லர் தண்ணீர் முழுவதையும் வெளியே வீசிவிடும். போதாததற்கு எங்கள் கடல் தண்ணீரே 30 டிகிரி பக்கம் இருக்கும். குளிர் தேசத்துக்காரனுக்கு இருக்கிற சலுகை நமக்கு இல்லை.

மறுநாள் பெட்டியிலிருந்து சிங்கப்பூர்ச் சாமான்களைத் தோண்டி எடுத்தேன். அகச்சிவப்பு வெப்பமானி, துப்பாக்கி மாதிரி இருக்குமே, அது. முதல் நாளே எடுத்திருக்க வேண்டியது. பளபளக்கிற உலோகத்தில் அது குறைத்துக் காட்டும், அதனால் ஹெட்டில் இரண்டு சிலிண்டருக்கும் நேராகக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சின்னச் சதுரமாக ஒட்டினேன். மைத்துனன் ஓட்ட, நான் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுட்டுக்கொண்டே போனேன். (ஓடுகிற எஞ்சினைத் திறந்து வைத்துக் குனிவது நல்ல பழக்கமில்லை. கைலியை மடித்துக் கட்டிவிட்டுத்தான் குனிந்தேன்.) பத்தாவது நிமிடத்தில் கீழ்ச் சிலிண்டர் 61. மேல் சிலிண்டர் 88. பதினைந்தாவது நிமிடத்தில் மேலே 97. உடனே நிறுத்தச் சொன்னேன்.

ஒரே பம்ப், ஒரே தண்ணீர். ஒரு சிலிண்டர் குளிர்கிறது, பக்கத்துச் சிலிண்டர் வேகிறது. இனி சந்தேகம் ஹெட்டின் மேல்பாதியில் மட்டும்தான்.

முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினேன். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரைப் பிடித்து வைத்து, ஏறியதும் திறந்துவிடுகிற வால்வு. பாய் கடையில் ஒரு பையன், "கழட்டி வீசிருங்கண்ணே, பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க" என்றான். எனக்கு அதில் உடன்பாடில்லை. எஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்து ஓடினால் பெட்ரோல் சரியாக எரியாது, பிளக்கில் கரி பிடிக்கும். பால் காய்ச்சுகிற சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியைச் செருகி அடுப்பைப் பற்ற வைத்தேன். 50 டிகிரியைத் தாண்டும்போது திறக்க ஆரம்பிக்க வேண்டியது, 70இல்தான் மனசு வந்து கொஞ்சம் வாய் திறந்தது. தண்ணீர் கொதித்தும் பாதிக்கு மேல் திறக்கவில்லை. அடுப்படிக்கு வந்த மனைவி சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "இனிமே அந்தச் சட்டிய நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது இப்போது டூல் பெட்டியில்தான் இருக்கிறது.

பாதி திறந்தாலே கீழ்ச் சிலிண்டருக்குப் போதுமாக இருக்கிறதே, மேலே மட்டும் ஏன் வேகிறது? ஹெட் மூடியைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இந்த இடத்தில் பாயைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவர் இருந்தும் ஒரு போல்ட் தலை அறுந்து போனது. பட்டுக்கோட்டை லேத் பட்டறையில் கொடுத்து, மிச்சத்தை டிரில் போட்டு எடுத்து, புது மரை வைத்து வாங்க இரண்டு நாள். அதில் சொல்ல ஒன்றுமில்லை, காசுதான் போனது.

மூடி திறந்ததும் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. தண்ணீர் ஓட வேண்டிய கால்வாயில் சுவரெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. மேல் சிலிண்டரைச் சுற்றி வளைகிற மூலையில் அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் எதுவோ இறுகி, பீங்கான் மாதிரி ஆகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன், பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. தண்ணீர் விட்டுத் தேய்த்தால் களிமண். அதன் நடுவில் கறுப்பாக ஒரு ரப்பர் இறக்கை, சுருண்டு, பாதி வெந்து.

பாய் அந்த மண்ணை விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார். "இது பம்ப் இழுத்த மண்ணு இல்ல தம்பி. அந்தக் கொஞ்சூண்டு ஓட்டை வழியா இவ்வளவு சேறு ஏறாது. எஞ்சின் முழுசாப் படுத்துக் கெடந்திருக்கு. கஜாவுல முங்குனது."

கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16. எங்கள் கரையில் இருந்தவர்களுக்குத் தேதி சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்தில் படகு மேல் படகு ஏறிக் கிடந்தது. தென்னந்தோப்புகள் தரையில் படுத்தன. நான் அப்போது சிங்கப்பூரில் போனில் அழுதுகொண்டிருந்தேன். சேற்றில் புதைந்த எத்தனையோ எஞ்சின்களைத் தோண்டி எடுத்து, கழுவி, பெயின்ட் அடித்து ஓட்டினார்கள். அதில் தப்பே இல்லை, பிழைக்க வேண்டுமே. சொல்லிவிட்டு விற்றிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். கடலையே சரியாகப் பார்க்காத எஞ்சின்! கடலுக்கு அடியிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது.

பாய் கடைப் பையன் கக்கூஸ் ஆசிட் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்றான். சுண்ணாம்பு போகும், கூடவே அலுமினியமும் போகும். வெறும் உப்பு என்றால் நல்ல தண்ணீரிலேயே கரைந்துவிடும். இது சூட்டில் படிகிற சுண்ணாம்பு, அதற்கு அமிலம் வேண்டும், ஆனால் சாதுவான அமிலம். மளிகைக் கடையில் ஆறு பாட்டில் வினிகர் வாங்கினேன். கடைக்காரர் ஊறுகாய் போடுகிறீர்களா என்று கேட்டார். ஹெட் மூடியைத் தொட்டியில் போட்டு வினிகரை ஊற்றியதும் சோடா மாதிரி நுரைத்தது. எஞ்சின் பக்கத்துக் கால்வாயில் வினிகரில் நனைத்த துணியைத் திணித்து வைத்தேன். சாயங்காலம் பல் தேய்க்கிற பிரஷ், மறுபடி வினிகர், மறுபடி பிரஷ். களிமண்ணை மூங்கில் குச்சியால் சுரண்டினேன், இரும்பு வைத்தால் கீறிவிடும் என்று. வீடு முழுக்க மூன்று நாள் ஊறுகாய் வாசனை. கடைசியில் நல்ல தண்ணீரால் கழுவியபோது கால்வாய் முதல் தடவையாக வெள்ளியாகத் தெரிந்தது.

புது கேஸ்கெட், புது தெர்மோஸ்டாட். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒன்று விட்டு ஒன்று மாற்றி மாற்றி, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ஸ்பேனரால் இரண்டு சுற்றாக முடுக்கினோம். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்து விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தது. அந்த 61 நாள் தடை நாட்டுப்படகுக்குக் கிடையாது என்பதால் கடல் முழுக்க எங்களுக்கே என்கிற மாதிரி இருந்தது. முழு வேகத்தில் நாற்பது நிமிடம் போனோம். மேல் சிலிண்டர் 64, கீழ் 60. மைத்துனன் ஹெட்டின் பக்கத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தான். பெட்ரோல் வாசனை மட்டும்.

இப்போது கரை வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் ஓட விடுகிறேன். தெர்மோஸ்டாட் திறக்கிறவரை ஓடினால்தான் தண்ணீர் ஹெட்டுக்குள் போகும், இரண்டு நிமிடத்தில் அணைத்தால் வெளியே கழுவினதோடு சரி. எங்கள் வீட்டு போர் தண்ணீரே உப்பு, அதனால் குடிக்கிற குழாய்த் தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வீட்டில் அதற்கு ஒரு பேச்சு வாங்குகிறேன். டேப் சதுரங்கள் ஹெட்டிலேயே இருக்கின்றன.

கண்டெடுத்த ரப்பர் துண்டுகளை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஹெட்டில் கிடந்தது முழு இறக்கை ஒன்று. குழாயின் வளைவில் இன்னொன்றில் பாதி கிடைத்தது. பழைய இம்பெல்லரை வைத்துப் பொருத்திப் பார்த்துவிட்டேன், கணக்கில் அரை இறக்கை உதைக்கிறது. பாய் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார், "அந்த மிச்சம் கெடச்சுதா தம்பி?"

இன்னும் இல்லை பாய்.